பெல்ட்டுக்கு ஒரு கம்பி வலை

ஆதிலட்சுமிக்குப் பதினைந்து வயது. தேசூரிலிருந்து வந்து ஆரணியில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தாள். அரவை மிஷினைச் சுற்றிச் சிந்தும் தவிட்டைப் பெருக்கி அள்ள வேண்டும். கூட்டாளி குணசுந்தரிக்குப் பதினேழு. எண்பத்திரண்டாம் வருஷம், தை அறுவடை முடிந்து மில்லில் மூட்டை குவிந்திருந்த சமயம்.

மோட்டாரிலிருந்து மிஷினுக்கு ஓடும் பெல்ட்டுக்கு மறைப்பு எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். தவிடு சிந்துவதெல்லாம் அந்தப் பக்கம்தான்.

அன்று ஆதிலட்சுமி குனிந்து பெருக்கும்போது தாவணி பெல்ட்டில் மாட்டியது. இழுத்த இழுப்பில் தோள் இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. குணசுந்தரி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தோளில் குத்தியிருந்த ஊக்கு பிய்ந்தது. தாவணி மட்டும் பெல்ட்டோடு போனது. இருவரும் தவிட்டில் மல்லாந்து விழுந்தார்கள்.

மிஷின் ஓட்டும் பரசுராமன் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். மூட்டை தூக்குகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஆதிலட்சுமி கைகளால் மார்பை மறைத்துக்கொண்டாள். பரசுராமன் தன் சட்டையைக் கழற்றிக் குணசுந்தரியிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாம் வெளிய போங்க," என்றார்.

எலும்பு முறியவில்லை. தோள் வீங்கி, கையைக் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. தினமும் வேலை முடிந்ததும் குணசுந்தரி வந்து அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள்.

"நான் இனிமே வரல குணா. கண்ண மூடினா அந்த பெல்ட்டுதான் சுத்திகினு கீது."

"வராத. உன் எடத்துல அம்மணிய வெச்சிகிறாங்க. அதுக்குப் பதிமூணு வயசு. அது குனிஞ்சிகினு பெருக்கறத என்னால பாக்க முடியல."

ஆதிலட்சுமி பாதிப் பின்னலோடு அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

மறுநாள் மில்லின் ஏழு பெண்களும் பெல்ட்டுக்குக் கம்பி வலை போடச் சொல்லி, உள்ளே போகாமல் நெல் காயும் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்தார்.

"இன்னா பேஜார் இது? வலைதான, அடுத்த மாசம் போடலாம். ஜல்தி உள்ள போங்க."

ஆதிலட்சுமிதான் பேசினாள்.

"அடுத்த மாசம் வரைக்கும் பெல்ட்டு சும்மா இருக்குங்களா?"

முதலாளி பரசுராமனிடம் திரும்பினார். "நீ மிஷினப் போட்டு ஓட்டுப்பா."

"வேணாங்க. அந்தத் தாவணிய பெல்ட்டுலேர்ந்து அறுத்து எடுத்தவன் நானு. என்னால முடியாது."

முதலாளி ஆதிலட்சுமியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி நின்றார். "இன்னா வேணுமோ வாங்கிக்க," என்று பரசுராமனிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் கம்பி வலை ஏறியது. மிஷினை நிறுத்திய பிறகுதான் பெருக்குவது என்றும் பேசி முடித்தார்கள்.

ஆதிலட்சுமி திரும்ப அந்த அறையில் வேலை செய்யவில்லை. களத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கை சரியாக எழாத முதல் வாரம், மதியத்தில் குணசுந்தரி சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து அவளுடைய மற்றக் கையில் வைப்பாள்.

"ஊட்டியே வுட்டுடேன்," என்று அம்மணி கேலி செய்தாள்.

"வுடு," என்று ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள்.