தொட்டித் தண்ணீரும் மங்களூர்க் கடலும்

ஓசூரில் ஏது கடல் என்று கேட்பீர்கள், கண்ணுங்களா. கடல் இல்லைதான். ஆனாலும் எண்பத்தாறாம் வருஷம் தை மாசம், பாய்மரப் படகு ஒன்றின் ஐஸ்பெட்டி இரண்டாம் தடவையாக ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இறங்கியது. வந்த இடம் அதாவுல்லாவின் பிரிட்ஜ் ஒர்க் ஷாப்.

படகு சூளகிரி எல்லப்பனுடையது. கப்பல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மங்களூரில் படகைக் கட்டி நிறுத்தி வைத்திருந்தார். மனைவி சரோஜம்மாளோடு கரையோரமாகவே கோவா வரைக்கும் போய்வர ஆசை. அந்த அம்மாவுக்குத் தினமும் சர்க்கரை ஊசி. மருந்து குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும்.

"பாய், இங்க நல்லா ஓடுது. கடல்ல இறக்கினா ஒரு மணி நேரத்துல நின்னு போவுது" என்றார் எல்லப்பன்.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் சூளகிரியிலயே இருந்துக்கிறேன்" என்றாள் சரோஜம்மாள். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுப் பிரிட்ஜுக்குக் காற்றுப் பட்டுச் சூடு ஆறும். இந்தப் பெட்டிக்குக் கடல் தண்ணீர்தான் ஆற்ற வேண்டும்; சின்ன பம்பு ஒன்று இழுத்துக் கொடுக்கும். அதாவுல்லா பம்பின் குழாயைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டார். கசிவு பார்த்தார், ஒயர் பார்த்தார். பெட்டி சமர்த்தாக ஓடியது.

அதாவுல்லாவின் மனைவி காத்தூன் எல்லோருக்கும் டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தாள். பழம் தின்ற கையைத் தொட்டியில் விட்ட சரோஜம்மாள், "அய்யோ!" என்று உதறினாள். "வெரலு வெறச்சுப் போச்சு. எங்க மங்களூர்க் கடல் வெதுவெதுன்னு இருக்கும்."

அதாவுல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுதுதான். இந்தப் பச்சத் தண்ணிய ஓட விட்டுத்தான் போன தடவ கேஸ் ஏத்தினேன். அழுத்தம் காட்டுற கேஜ் முள்ளு ஏறலையேன்னு இன்னும் கொஞ்சம் ஏத்திட்டேன். கடலோட வெதுவெதுப்புல அழுத்தம் எகிறி, பெட்டி தாங்காம நின்னு போவுது."

"அப்ப சரிபாக்கக் கடலுக்கு எங்க போறது?" என்றார் எல்லப்பன்.

"காத்தூன், பிரியாணி தேக்சாவுல தண்ணி ஊத்தி அடுப்புல ஏத்து!"

வெந்நீரைத் தொட்டியில் கலந்தார்கள்.

"உப்பும் போடணுமா?" என்று எல்லப்பன் கேட்க, "போடுங்கண்ணா, அப்படியே அரிசியும் போட்டுடலாம்" என்றாள் காத்தூன்.

சரோஜம்மாள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும். இதுதான் மங்களூர்."

கொஞ்ச நேரத்தில், கடலில் நின்ற மாதிரியே பெட்டி நின்றது. நின்றதற்காக அதாவுல்லா சிரித்ததை அன்றுதான் காத்தூன் பார்த்தாள். கேஸை வெளியே விட்டார், ஓட விட்டுப் பார்த்தார், மறுபடி துளி விட்டார். தண்ணீர் ஆற ஆறக் காத்தூன் வெந்நீர் ஊற்றினாள். சரோஜம்மாள் கையால் பார்த்துச் சொன்னாள். மத்தியானம் தாண்டியும் பெட்டி நிற்கவில்லை.

சரோஜம்மாள் பிளாஸ்கிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்தாள்.

"உள்ள இருக்கிற ஐஸ் தகட்டுல ஒட்டி வெக்காதீங்கக்கா, உறைஞ்சு போயிடும்" என்றார் அதாவுல்லா. "அதுக்குள்ள என்ன அவசரம்?"

"கடல்ல போய் பயந்துக்கிட்டு வெக்கறதுக்கு, இங்கயே வெச்சுப் பாத்துடறேன்."

சாயங்காலம் பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லப்பனிடம் கேட்டாள்: "படகுல எம் பொடவைங்க வெக்க எடம் இருக்குமா?"