ஸல்ஹாவின் போத்தல்

அறுபத்தொன்றாம் ஆண்டு, நோன்பு மாதம். கிண்ணியாவில் நான் மருத்துவிச்சி. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஸல்ஹாவைப் பார்க்கப் போனபோது நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். முகம் அதைத்திருந்தது. நோன்புத் தலையிடிதான் என்றார் அவளுடைய மாமி உம்மு குல்சும். இந்த நிலைமையில் நோன்பு பிடிக்க விட்டீர்களா என்று பாய்ந்தேன். என் வாய் அப்படி.

தலையிடியும் வீக்கமும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். வந்தால் தாயும் பிள்ளையும் மிஞ்சுவது நிச்சயமில்லை. அதை முன்கூட்டியே பிடிக்க என்னிடம் இருந்தது ஒரு கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, கொஞ்சம் வினாகிரி. சிறுநீரைக் கொதிக்கவைத்து இரண்டு சொட்டு வினாகிரி விட வேண்டும். வெள்ளையாகத் திரண்டால் ஆபத்து.

மாமி போத்தல் நிறையக் கொண்டுவந்து தந்தார். காய்ச்சினேன். லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். மனம் ஆறியது. நாளைக்கு வருகிறேன் என்று புறப்பட்டுவிட்டேன்.

மூன்றாவது வீட்டில் இன்னொருத்தி தன் போத்தலைக் கையில் தந்தாள். இளஞ்சூடு உள்ளங்கையில் பட்டது. ஸல்ஹாவின் போத்தல் குளிர்ந்து கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குடையையும் விட்டுவிட்டு ஓடினேன்.

"அது ஸல்ஹாடதுதானா?"

"ஓம் மிஸ்ஸி." மாமி நிலத்தைப் பார்த்தார். "கொஞ்சந்தான் வந்திச்சி. கறுத்துக் கிடந்திச்சி. அதான் கிணத்துத் தண்ணி ஊத்தி நிறைச்சனான்."

பாத்திரத்தை நானே பிடித்து, வந்த சில துளிகளைக் காய்ச்சினேன். அவித்த முட்டை வெள்ளை போல் இறுகியது. குழாயைக் கவிழ்த்தேன், விழவில்லை. கண்ணுக்குள் பொறி பறக்கிறது என்றாள் ஸல்ஹா.

மகன் தோப்பூர் வயலிலிருந்து வரட்டும் என்று மாமி சொல்லக்கூடும் என்று பயந்தேன். அவர் குழாயைப் பார்த்தார். பிறகு அயலாரைக் கூப்பிட்டு, மருமகளைக் கதிரையில் வைத்துத் தூக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி அக்கரையில். நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மிதவைப் படகு அக்கரைக்குப் போயிருந்தது. அது திரும்பி வருமுன் ஸல்ஹாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஸல்ஹாவைக் காப்பாற்றினார்கள். பிள்ளை அழவேயில்லை.

விறாந்தை வாங்கில் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆத்திரம் தாங்காமல், ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"போன மாசம் கிளினிக்கில ஒரு புள்ள கறுத்த போத்தல் கொண்டுவந்ததுக்கு, ஊத்தை எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க மிஸ்ஸி. எங்கட புள்ளைக்கும் அந்த வெக்கம் வரப்படாதெண்டுதான்."

அதற்கு மேல் அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.