இரண்டாவது படகு

முதுகில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அக்காவுக்குச் சுவரோடுதான் குடித்தனம். காயம் ஆறிவிட்டது, இனி அவளாகப் புரண்டு படுத்தால்தான் எழுந்து நடக்க முடியும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் கேட்டால்தானே!

"மச்சான், இன்னைக்கும் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கா. எங்கிட்டகூடப் பேசல," என்று அவள் கணவர் தம்பிக்குப் போன் செய்து சொன்னார்.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பரணில் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டி. சின்ன வயதில் இருவரும் டி.வி. முன் குப்புறப் படுத்து ஆடிய படகு ஆட்டம் அதில்தான் இருந்தது. நீல ஆறு, ஒரே ஒரு சிவப்புப் படகு. "நான் இடது துடுப்பு, நீ வலது துடுப்பு" என்பாள் அக்கா. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்; வயர் செருகுவதெல்லாம் அவள் பொறுப்பு. பெட்டிக்குப் பின்னால் இவன் போகவே கூடாது, ஷாக் அடிக்குமாம்! கட்டைவிரல் கொப்புளிக்கக் கொப்புளிக்க வலது துடுப்பு போட்டவன் இவன். அந்தப் பெட்டியைக் கைக்குள் அடங்குகிற மாதிரி மாற்றிவிட்டால், அவள் படுத்தபடியே ஆடலாம் இல்லையா?

அவனுக்குத் தொழில் பல் செட் செய்வது. மெழுகில் வடிவம் பிடித்து, அச்செடுத்து, ஈறு நிறப் பிசினில் வார்ப்பான். பெட்டிக்கான புதுக் கூட்டையும் அப்படியே வார்த்ததால் அது ரோஸ் கலரில் வந்தது. நடுவில் ஒரு சின்னத் திரை, பட்டன்களுக்குக் கடைவாய்ப் பற்கள்.

"யாருக்குய்யா இவ்வளவு பெரிய வாய்?" என்று பட்டறைக்கு வந்த பல் டாக்டர் மிரண்டுபோனார்.

மதிய வெயிலில் பிசின் தூள் மிதந்துகொண்டிருந்தது. பட்டறையே மெதுவாக எங்கோ நகர்ந்து போவதுபோல் இருந்தது அவனுக்கு. காதுக்குள் அந்த ஆட்டத்தின் பாட்டு.

பெட்டிக்குள்ளிருந்த பச்சை சர்க்யூட் பலகை கூட்டுக்குள் அடங்கவில்லை. ஓரத்தை அறுத்தால் அடங்கும். அங்கே இருந்தது இரண்டாவது ஆளின் ஜாய்ஸ்டிக் வயரைச் செருகும் சாக்கெட். படுத்திருப்பவள் ஒருத்திதானே, அது எதற்கு? ரம்பத்தை எடுத்தான். அறுக்குமுன் லென்ஸ் வைத்துப் பார்ப்பது தொழில் பழக்கம். எந்தப் பக்கமாக மென்றார்கள் என்று பல்லின் தேய்மானத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

முதல் சாக்கெட்டின் ஊசிகள் தேய்ந்து கறுத்திருந்தன. இரண்டாவதில் ஒரு கீறல் இல்லை, கடையில் வாங்கிய அன்றைய பளபளப்பு. அதில் யாரும் எதையும் செருகியதே இல்லை.

"அடிப்பாவி!" என்றான் வாய்விட்டு.

கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கித் தொலைத்தது. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மெழுகை உருக்கினான். அந்தச் சாக்கெட்டுக்கும் இடம் விட்டு வார்த்ததில் கூடு குட்டித் தலையணை அளவுக்கு வீங்கிவிட்டது. கைக்கடக்கமாவது, ஒன்றாவது!

மறுநாள் அக்காவின் கட்டிலில், அவள் முதுகுக்குப் பின்னால் அதை வைத்து முடுக்கினான். பாட்டு கிளம்பியது. பழைய ஜாய்ஸ்டிக்கோடு அவளருகே ஓரமாகப் படுத்துக்கொண்டான்.

"அக்கா, வலது துடுப்பு வயரை இந்தத் தடவை நானே செருகிட்டேன்."

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினான். சிரிக்கிறாள்!

"கண்டுபிடிச்சிட்டியா? படகு முட்டினாலே ஊரைக் கூட்டி அழுவே. அதான்டா செருகல."

"எனக்கு விரல் கொப்புளிச்சுதே!"

"நல்லாத்தான் துடுப்பு போட்டே," என்றாள் சுவரைப் பார்த்து.

"அக்கா, வயரைச் செருகினதும் ரெண்டாவது படகு வந்திருக்கு."

"புளுகாதே. அதுல ஒரு படகுதான்."

"சத்தியமா. மஞ்சக் கலரு. நாம பாத்ததே இல்ல."

கட்டில் கிரீச்சிட்டது. அக்கா கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டாள். வியர்த்த முகத்தில் ஆற்றின் நீலம் விழுந்தது.

"தள்ளிப் படுடா," என்றாள், "மறைக்குது."