சுவர் இல்லாத படங்கள்

“அந்த ஓட்டையத் திரும்பத் திறந்து விடச் சொல்லுங்க சார்.”

உன் சொந்தத் தெருவுக்கென்று இங்கே எதையும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில் கணக்கெடுக்க, அந்தத் தெருக்காரி என்பதற்காகவே எடுத்த ஆள் அவள். அங்கே பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான்.

நகரத் திட்ட அலுவலகத்தின் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “எந்த ஓட்டைம்மா?”

தெரியாதாம்!

‘நீங்க இருக்கிற இடத்தை வரைங்க’ என்று தெருப் பிள்ளைகளுக்குத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்தவள் அவள். கடிநாய் படுத்திருக்கும் குட்டிச் சந்து படத்தில் முடிவே இல்லாமல் நீண்டிருந்தது. மிட்டாய்க் கடை பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது. தெருவை மறித்து நிற்கும் பணக்காரக் குடியிருப்பின் மதில்சுவரை மட்டும் ஒருத்தரும் வரையவில்லை. அந்த இடத்தில் ஒரு கதவு, தாழ்ப்பாள் எல்லாம் வைத்து.

“கதவு வெட்டவெளியில நிக்குது, சுவர் எங்கம்மா?” என்று அன்று அதிகாரி சிரித்தார்.

“கதவில்ல சார், சுவர்ல ஒரு ஓட்டை. பள்ளிக்கூடத்துக்குத் தவழ்ந்து போற வழி. அவங்க கண்ணுல சுவரே படல பாருங்க!” படித்த படிப்பையெல்லாம் கொட்டி விளக்கினாள். அடுத்த வாரமே கொத்தனார் சாந்துச் சட்டியோடு வந்து நின்றார்.

இப்போது பிள்ளைகள் லாரி ஓடும் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவளுடைய அக்கா மகளுக்கு ஓட்டையில் முதலில் நுழைகிறவள் என்பதால் சுண்டெலி என்று பெயர். நேற்று அந்தச் சுண்டெலி முகத்துக்கு நேரே கேட்டாள்: “சித்தி, நீதான போட்டுக் குடுத்த?”

“அந்தக் குடியிருப்புக்காரங்க புகார் குடுத்தாங்க, அடைச்சாங்க. நம்ம கையில என்னம்மா இருக்கு?” என்றார் அதிகாரி.

“புகாரோட எங்க பிள்ளைங்க வரைஞ்ச படமும் இருந்துச்சே. அது காலு முளைச்சா போச்சு?”

அவர் முகம் சுண்டியது. “வேலை நிரந்தரமாகப் போற நேரம். வம்பை வெலைக்கு வாங்காத. நேத்து மறுபடி வரையச் சொன்னோமே, அதக் குடு.”

படங்கள் அவள் மடியிலிருந்த பையில்தான் இருந்தன. எல்லாவற்றிலும் மறுபடி ஒரு கதவு, இந்தத் தடவை தண்ணித் தொட்டிக்குப் பின்னால். சுண்டெலியின் தாளில் மட்டும் கதவில்லை, நாயில்லை, கடையில்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை செங்கல் செங்கலாகச் சுவர்.

அந்த ஒரு தாளை உருவி மேசைமேல் வைத்தாள். “இது உங்களுக்கு. நீங்க கட்டினது.”

“மத்தது?”

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தாளின்மேல் போட்டாள்.

“ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? வீட்டுல கேட்டியா?”

“ஓட்டை திறக்கலேன்னா வேலைக்கு முழுக்குன்னு காலையிலேயே சொல்லிட்டேன். அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க,” என்றபடி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.