கையிருப்பில் ஏணி நான்கு

காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம். கிடங்கு வாசலில் இருந்த வருகைப் பதிவு மெஷினில் ஏணி கட்டைவிரலை வைத்தான். தினமும் பச்சை விளக்கு காட்டி நன்றி சொல்லும் மெஷின் இன்று சிவப்பாக முறைத்தது. திரையில் ஒரு வரி.

'இப்பொருள் கையிருப்பில் இல்லை.'

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே வரி. அதே முறைப்பு.

ஏணி என்பது அம்மா அப்பா வைத்த பெயரில்லை. ஆறடி மூன்றங்குல உயரத்துக்குக் கிடங்கு வைத்த பெயர். குழாய், பெயிண்ட், தாழ்ப்பாள் என்று மொத்த வியாபாரம் செய்யும் அந்தக் கடையில் பதினோரு வருடமாக அவன்தான் ஸ்டோர் கீப்பர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில்கூடக் கிடையாது.

நேரே கணக்குப்பிள்ளையிடம் போனான். அவர் நிமிராமலே, "வாங்கண்ணே, நீங்க நேத்தே போயிட்டீங்களே?" என்றார்.

"எங்க போனேன்?"

"தையல்கடைக்கு. சாயங்காலம் நாலு பத்துக்கு." கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். சரக்கு நகர்வு ரிப்போர்ட். பொருள்: ஏணி. உள்ளே வந்த தேதி, பதினோரு வருடத்துக்கு முன். வெளியே போன தேதி, நேற்று.

முடிச்சு எங்கே விழுந்தது என்று ஏணிக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. சரக்கையும் வருகைப் பதிவையும் சேர்த்துப் பார்க்கும் இந்த சாஃப்ட்வேர் இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது, 'கிடங்கில் உள்ள அனைத்தையும் பதியவும்' என்று கேட்டது. கணக்குப்பிள்ளை சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்பவர். கிடங்கில் மர ஏணி மூன்று, மனித ஏணி ஒன்று. ஆக நான்கு என்று பதிந்தார். மாதாமாதம் வந்து எண்ணுவார். மூன்று சுவரில் சாய்ந்திருக்கும், ஒன்று வணக்கம் சொல்லும். கணக்கு ஒரு தடவைகூட இடித்ததில்லை.

"தையல்கடையில ஒரு ஏணி கேட்டாங்க. முதல்ல வந்தது முதல்ல போகணும், அதான் முறை. இருக்கிறதுலயே பழசு நீங்கதான்."

"நான் இங்கதானே நிக்கிறேன்?"

"நிக்கிறது வேற, இருப்பு வேற அண்ணே."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். கிடங்குக்குள் கால் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரிப்போர்ட் இருக்கும்போது கிடங்கு எதற்கு என்பது அவர் கட்சி. ஏணி உள்ளே போய் முழுக் கதையையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

"இல்லேன்னு சொல்லுதுங்க."

"அப்புறம் யார்கிட்ட பேசிட்டு இருக்கேன் நான்?" என்று கேட்டுவிட்டு அவர் தினசரியை விரித்தார்.

கணக்குப்பிள்ளை இரக்கமுள்ளவர். ஒரு படிவத்தை நீட்டினார். "ரிட்டர்ன் சீட்டு. வாங்குனவங்க கையெழுத்து போட்டுத் திருப்பி அனுப்பினா ஏத்திக்கலாம். ஆனா இன்னைக்கு வருஷக் கடைசி. நாலு மணிக்குக் கணக்கை மூடிடுவேன். அதுக்குள்ள ஸ்டாக்ல வராதது எப்பவும் வராது."

ஏணியின் கண்முன் மனைவியின் அண்ணன் வந்து நின்றார். செருப்புக் கடைக்காரர். "வேலை போச்சுன்னா சொல்லுங்க மாப்ளே, நம்ம கடையில உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்பவர். அந்த ஸ்டூல் ஒன்றரை அடி உயரம். அதில் குந்திக்கொண்டு ஊரார் காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடும் காட்சி மனதில் ஓடியது.

ஏணியும் ஓடினான்.

தையல்கடை நாலு தெரு தள்ளி. முதலாளியம்மாள் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தார்.

"நேத்து வர வேண்டிய ஏணி இன்னைக்கு வருது. அதுவும் எட்டடி கேட்டேன், ரெண்டடி குறையுது."

"அம்மா, நான் ஆளு."

"ரசீதுல ஏணின்னுதான் இருக்கு. வந்தது வந்துட்டீங்க, பரண்ல இருக்கிற துணி மூட்டையெல்லாம் இறக்குங்க."

விவாதம் செய்தால் நேரம் போகும். இறக்கினான். ஐம்பத்திரண்டு மூட்டை. அந்தம்மாள் கீழே நின்று வாங்கி, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து அடுக்கினார். "பரவாயில்லையே. மர ஏணின்னா பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். இது தானா நிக்குது" என்று தையல்காரப் பெண்களிடம் பெருமையடித்தார். கடைசி மூட்டை தரையைத் தொட்டபோது மணி மூன்று ஐந்து.

"இப்பவாவது ரிட்டர்ன் சீட்டுல கையெழுத்து போடுங்கம்மா."

"போடலாம். பரண் காலி, இனிமே எனக்கு ஏணி எதுக்கு?" படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஆனா தம்பி, குறை எழுதணுமாமே. குறையில்லாத சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். உங்ககிட்ட என்ன குறை? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

ஏணி யோசித்தான். தன்னிடம் ஒரு குறையும் அகப்படவில்லை. மூன்று பத்து. மூன்று பதினைந்து. சட்டென்று போனை எடுத்து மனைவியின் எண்ணைப் போட்டு அந்தம்மாள் கையில் கொடுத்தான்.

"ஒண்ணுமில்லம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கிற குறையைக் கேட்டு எழுதணும்."

எதிர்முனையில் எதற்கு, ஏன் என்ற கேள்வியே வரவில்லை. ஏதோ இந்த அழைப்புக்காகவே கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்த மாதிரி ஆரம்பித்தாள்.

"எழுதிக்கோங்க. எதை எடுத்தாலும் உச்சாணில கொண்டுபோய் வச்சிடுவாரு. சர்க்கரை டப்பா, சாவி, என் சீப்பு. அவரு வர்ற வரைக்கும் நான் தலை சீவாம இருக்கணும். சொன்னது காதுல ஏறாது, மேல இருக்கில்ல காது. குறட்டை. அதை ரெண்டு தடவை எழுதுங்க."

"மெதுவாம்மா, பேனா ஓடணும்ல."

படிவத்தில் எட்டு வரிதான் இருந்தது. பின்பக்கமும் நிறைந்தது. அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து ஒட்டினார்கள். பத்தொன்பதாவது குறையில் மூச்சு வாங்க நிறுத்திய மனைவி, "ஆமா, நீங்க யாரு?" என்று கேட்டாள். ஏணி போனையும் கையெழுத்து விழுந்த சீட்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

மூன்று ஐம்பத்தொன்று. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு குறையாக விரல் வைத்துப் படித்தார். "இதுல எது நம்மகிட்ட வரும்போதே இருந்தது, எது போன இடத்துல வந்தது?"

"எல்லாம் பிறவிலேயே இருந்ததுங்க. சீக்கிரம் தட்டுங்க."

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தட்டினார். ஏணி வாசலுக்குப் பாய்ந்து விரலை வைத்தான். பச்சை விளக்கு. நன்றி. கதவு நிலையில் தலை இடித்ததுகூட உறைக்கவில்லை. முதலாளிக்கு ரிப்போர்ட் போனது, கையிருப்பு நான்கு. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "வந்துட்டியா?" என்று கையசைத்தார்.

கணக்குப்பிள்ளை மட்டும் தொண்டையைச் செருமினார்.

"ரிட்டர்ன் சரக்குக்கு இன்னைய தேதிதான் விழும் அண்ணே. பதினோரு வருஷ சர்வீஸ் போச்சு. ஆனா ஒரு லாபம், இப்ப நீங்கதான் புதுசு. அந்த மூணும் போன பிறகுதான் உங்க முறை."

மறுநாள் காலை கடை திறந்ததுமே ஒரு பெயிண்டர் வந்தார். சட்டையில் ஏழு வண்ணமும் இருந்தது.

"ஏணி இருக்குமா? நாலு வேணும்."

ஏணி திரும்பி, சுவரில் சாய்ந்திருந்த மூன்றையும் பார்த்தான். பிறகு பெயிண்டரின் தோளில் கைபோட்டுத் தெருப்பக்கம் நடத்திப் போனான்.

"இப்பல்லாம் யாருங்க ஏணி வாங்குறாங்க? பாதிச் சுவரு அடிச்சிட்டு மீதியை அப்படியே விட்டுடுறதுதான் புது டிசைன்" என்றான்.