எட்டு மணி எடை

சின்னசேலம் மக்காச்சோள மண்டியில் எடை போடும் ராதிகா தினமும் ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவாள். முதலாளி வர எட்டேகாலாகும். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. செருப்பு, வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, சோள மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பாள். வீட்டிலும் ஒரு எடை மெஷின் உண்டு. தரை கோணலானதால் அது மூலைக்கு ஒரு எடை காட்டும். மண்டித் தராசோ அரசாங்க முத்திரை குத்தியது, பொய் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை.

எட்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன் வரும். புருஷன் தெய்வசிகாமணிக்கு அங்கே கட்டட வேலை. எடுத்ததும் எவ்வளவு என்பான். நல்லா இருக்கியா, தூங்கினியா எதுவும் கிடையாது. அதுதான் முதல் பேச்சு, பெரும்பாலும் கடைசிப் பேச்சும் அதுதான்.

பத்து மாதத்துக்கு முன்னால் ராதிகா நூற்றிருபத்திரண்டு கிலோ. சர்க்கரை, முட்டி வலி, மூச்சிரைப்பு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சேலத்தில் ஆபரேஷன் செய்து வயிற்றைச் சுருக்கினார்கள். எடை கடகடவென்று இறங்கியது. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் அவன் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். பிள்ளையில்லாத பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் அவன் அவளிடம் தினம் பேசியது இந்தப் பத்து மாதம்தான். அதற்காகவே இன்னொரு தடவை வயிற்றை அறுத்துக்கொள்ளச் சொன்னாலும் படுத்திருப்பாள், பைத்தியக்காரி!

அப்படி இருக்கையில், கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, எழுபத்தெட்டில் இருந்தவள் எழுபத்தொன்பது காட்டினாள். ஞாயிறு எழுபத்தொன்பதே முக்கால். இரண்டு நாளும் போனில் எழுபத்தெட்டுதான் என்று சொல்லிவிட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்வது? சொந்தக்காரர்கள் இப்போது விருந்துக்கே கூப்பிடுவதில்லை. போன மாசம் நைனார்பாளையம் கல்யாணத்தில் நாலு வாய்க்குமேல் இறங்காமல் இலையை மூடினாள். பெண்வீட்டுச் சமையலை அவமானப்படுத்திவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குண்டாய் இருந்தபோது எவ்வளவு தின்கிறாள் பார் என்றார்கள்; இப்போது தின்ன மாட்டேங்கிறாள் என்கிறார்கள். எடை திரும்ப ஏறினால் அந்த வாய்களுக்குத் தீபாவளிதான். அது கூடப் பரவாயில்லை. எட்டு மணி போன் நின்றுபோகுமே என்பதுதான் அவளுக்குப் பயம்.

ஞாயிறு பகலிலிருந்து சாப்பாட்டை நிறுத்தினாள். ராத்திரி தண்ணீரையும் நிறுத்தினாள். திங்கள் காலையில் தராசு எண்பது காட்டியது. போனில் அன்றும் எழுபத்தெட்டுதான்.

அன்றைக்கு மலையிலிருந்து வெள்ளச்சி சோளம் கொண்டுவந்திருந்தாள். கல்வராயன் மலையில் சோளக்கொல்லை வைத்திருப்பவள், ராதிகா வயசுதான் இருக்கும். மலையில் அறுபது கிலோ பிடித்த மூட்டை இங்கே ஐம்பத்தெட்டு காட்டுகிறதே, தராசில் கோல்மால் என்று கத்தினாள். இந்தச் சண்டை சீசனுக்கு நூறு தடவை வரும். ராதிகா வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"பனி ஈரத்தோட எட போட்டீங்க. மூணு நாள் காய வெச்சி எறக்கினு வந்துட்டீங்க. போனது ஈரம். சோளம் அப்டியேதான் கீது."

சொல்லி முடிப்பதற்குள் கண் இருட்டியது. மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள். வெள்ளச்சி சண்டையை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல துன்னியா இல்லியாம்மா நீ?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு எத்தனை நாளாயிற்று! ராதிகா ஓவென்று அழுதுவிட்டாள். வெள்ளச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீக்கடையில் மோர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, மூட்டையை மறுபடி நிறுக்கச் சொல்லி, அப்புறம்தான் போனாள்.

மத்தியானம் ராதிகா சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸ் அருள்மொழிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள் அருள்மொழி. கருவாட்டுக் குழம்பு. மாதவிலக்கு எப்போது? இன்னும் ரெண்டு நாளில். அப்புறம் எடை ஏறாமல் என்ன செய்யும் என்று சிரித்தாள். உப்பும் மாதவிலக்கும் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஒன்றிரண்டு கிலோ ஏறும் இறங்கும், எல்லோருக்கும் அப்படித்தான், அது கொழுப்பில்லை என்றாள். பட்டினி கிடந்ததற்கு நன்றாகத் திட்டினாள். முட்டை, பருப்பு, வாய் வாயாகத் தண்ணீர். தினம் தராசில் ஏறக் கூடாது, வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஊராருக்கெல்லாம் ஈரக் கணக்கு சொல்கிறவளுக்குத் தன் உடம்பின் ஈரம் மட்டும் தெரியாமல் போயிற்று.

செவ்வாய் எட்டு மணிக்கு அவனிடம் உள்ளதைச் சொன்னாள். எண்பதுக்கு ஏறியது, சொன்னது பொய், பயத்தில் பட்டினி கிடந்தேன், நர்ஸ் இப்படிச் சொன்னார்கள், எல்லாம்.

"இனிமே எடய திங்கக்கெழம மட்டும் கேளுங்க. மத்த நாளு வேற எதனா பேசுங்க."

சரி என்றான். கோபமெல்லாம் இல்லை.

புதன் எட்டு மணிக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன் வரவில்லை. வேலை அவசரமாயிருக்கும் என்று நினைத்தாள். வியாழன் வரவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறும் வரவில்லை. அவளாகக் கூப்பிட்டிருக்கலாம்தான். கூப்பிடவில்லை, ரோஷம்.

திங்கள் காலை தராசில் ஏறினாள். எழுபத்தெட்டுக்கும் கொஞ்சம் கம்மி. சரியாக எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"எவ்ளோ?"

"அஞ்சு நாளா நான் இன்னா ஆனேன்னு ஒரு போன் இல்லீங்களே."

கலவை மெஷின் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்.

"பண்ணலாம்னுதான் டெய்லி எடுப்பேன். எட தவிர உங்கிட்ட இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரில ராதிகா."

அவன் பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை திட்டியிருப்பாள். எடையை அவள் சொல்லவில்லை, அவனும் மறுபடி கேட்கவில்லை. முதலாளி வண்டி வந்து நிற்கிறவரைக்கும் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.