பிரிக்காத சோதனைப் பொட்டலம்

ஆஸ்பத்திரியில் கத்திகளையும் இடுக்கிகளையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பைபிள் வகுப்பு எடுப்பதால் எல்லோரும் 'போதகர்' என்றே கூப்பிட்டார்கள். பட்டத்துக்கேற்ப வாயும் சும்மா இருக்காது. "மேல ஒருத்தர் பார்க்கிறார்ங்கிற பயம் இல்லாதவன், ஆள் இல்லாத இடத்துல என்ன வேணா செய்வான்" என்பார். அடி யாருக்கு என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். அதே அறையில் வேலை பார்த்த டெக்னீஷியனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். கருவிகளோடு ஒரு சோதனைப் பொட்டலமும் உள்ளே போகும். இயந்திரம் நின்றதும் அதைப் பிரித்து, போதிய சூடு ஏறினால் மட்டும் கறுக்கும் காகிதப் பட்டை உள்ளே கறுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போதகர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

அன்று மதியம் மாடியில் ஊழியர்களின் ஜெபக்கூட்டம். அவர்தான் நடத்த வேண்டும். இயந்திரம் நிற்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. என்ன ஆகிவிடப் போகிறது என்று முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். இயந்திரம் நின்றதும், பதிவேட்டில் கையெழுத்தைப் பார்த்த தள்ளுவண்டி ஊழியர், சோதனைப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மனநிறைவோடு இறங்கி வந்தவரிடம் டெக்னீஷியன் பட்டையை நீட்டினான். அது துளியும் கறுக்கவில்லை.

"சாப்பிட்டு வந்து பார்த்தா, சோதனைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்துச்சுண்ணே. தியேட்டருக்கு போன் பண்ணி நிறுத்திட்டேன். ஆறு வயசுக் குழந்தைக்கு வயித்துல ஆபரேஷனாம். நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கல."

போதகர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நீங்களே பேசுவீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"மிஷின் காலை வாரிடுச்சுன்னு சொல்லிடலாமே, தம்பி. சூடு ஏறலதானே? அது பொய்யில்லையே."

"நீங்க பார்க்காம கையெழுத்துப் போட்டதும் நிஜம்தானே. நீங்க சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"பதிவேட்டுல கையெழுத்து இருந்துச்சு. யாரும் உன்னைப் பார்க்கவும் இல்ல. ஏன் பிரிச்சே?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரோ ஒருத்தர் உடம்புக்குள்ள போற கத்தியாச்சேண்ணே."

போதகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே ஒருவர் பார்க்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அவரிடம் பேசிவிட்டு வந்த கையோடு பொய்க்கு இடம் தேடியிருக்கிறார். மனச்சாட்சியை எல்லா மனிதருக்குள்ளும் வைத்தவர் கடவுள்தான் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அந்த எல்லோரிலும் இவனைச் சேர்க்க மட்டும் மனசு வந்ததில்லை.

போனை எடுத்துத் தியேட்டரைக் கூப்பிட்டார். "மிஷின்ல சூடு ஏறல டாக்டர். ஆனா தப்பு என்னுது. பட்டையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

டாக்டர் சத்தம் போடவில்லை. இனி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். போனை வைத்த பிறகு போதகர் அதை டெக்னீஷியனிடம் சொன்னார்.

"கடவுள்தான் காப்பாத்தினார்னு குழந்தையோட அம்மா அழுறாங்களாம்."

"சொல்லிட்டுப் போகட்டுமே. நீங்களும் அதைத்தானே சொல்வீங்க?"

"ஆமாப்பா. அதான் தாங்க முடியல" என்றார் போதகர். "நான் மாடியில அவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் என்னை அங்கேயே விட்டுட்டு, உன்கிட்ட வந்திருக்கார்."